இன்னும் வரவில்லை

“வந்துருச்சா சிஸ்டர்?”

கதவு திறக்கும் சத்தம் கேட்டதுமே லத்திபா பதறி எழுந்தாள். நர்ஸ் சந்தனம்மாள் தலையை மட்டும் வெளியே நீட்டி, “இன்னும் இல்லைம்மா. வரும், உக்காருங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பக்கத்து பெஞ்சில் இருந்த பொன்னாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. அவள் கூடலூர்க்காரி. மகளுக்கு முந்தாநாள்தான் இதே தேனி ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் ஆகியிருந்தது. ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றி நீட்டினாள்.

“குடி தாயி. உள்ள யாரு, மகளா?”

“ஆமாக்கா, சாதியா. எனக்கு ஒரே மக. கம்பத்துல இருந்து வந்து ஒரு வாரத்துக்கு மேலாச்சு. இன்னிக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு தெனமும் காத்துக் கெடக்கோம்.”

“டாக்டரு என்ன சொல்றாக?”

“தானா வரணும்ங்கிறாக. நாலு தடவ மெஷின் வச்சாச்சு. இன்னிக்கும் வரலேன்னா மதுரைக்குக் கொண்டு போகணுமாம்.”

நாலு தடவை ஸ்கேனா! பொன்னாத்தாள் எழுந்து வந்து லத்திபாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

“புள்ள ரொம்பக் கத்துறாளோ?”

“கத்துனாலும் தேவலையே! கை காலெல்லாம் வீங்கிப் போச்சு. குடிக்கிற தண்ணியக்கூட அளந்துதான் குடுக்காக. நாக்கு வறண்டு கெடப்பா, ஆனா ஒரு மடக்கு கூடக் கேக்க மாட்டா. நான் அழுதா, ‘நீ சாப்ட்டியாம்மா?’ன்னு என்னையத் தேத்துறா.”

பொன்னாத்தாள் மூக்கின் மேல் விரலை வைத்தாள். தன் மகள் போட்ட கூச்சலில் வார்டே அதிர்ந்தது நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு மனத்தெம்பா!

“அந்த சிஸ்டரும் லேசுப்பட்டவுக இல்லக்கா. ஒரு மணிக்கே டூட்டி முடிஞ்சது. ‘இவளுக்கு வந்தாத்தான் நான் பஸ் ஏறுவேன்’னு கட்டிலுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காக.”

மணி நாலரையைத் தாண்டியது. லத்திபாவின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன. பொன்னாத்தாள் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். யார் பெற்ற மகளோ, அவளுக்காக வீரபாண்டி கௌமாரியம்மனிடம் தீச்சட்டி எடுப்பதாக மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

படீரென்று கதவு திறந்தது. சந்தனம்மாளின் முகமெல்லாம் சிரிப்பு; கண்ணில் ஈரம்.

“வந்துருச்சும்மா! வந்துருச்சு!”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்திய லத்திபா, நர்ஸின் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பொன்னாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். “ஆத்தா காப்பாத்திட்டா! என்ன புள்ள சிஸ்டர்? ஆணா, பொண்ணா?”

நர்ஸ் ஒன்றும் புரியாமல் விழித்தார். லத்திபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“பேத்தி பொறந்து பதினோரு நாளாச்சுக்கா, சம்பந்தி வீட்டுல இருக்கா. பிரசவத்தோட எம் மகளுக்குக் கிட்னி ரெண்டும் வேலை செய்யாம நின்னு போச்சு. இன்னிக்குத்தான் ஒண்ணுக்கு வந்திருக்கு!”