பல்கனி திறக்குதில்லை

"தம்பி, போன்ல உங்கட வீட்டைச் சுத்திப் பாக்கிறன். ஹோல் வருது, குசினி வருது. பல்கனி மட்டும் திறக்குதில்லை."

மறுபடியும் பாலேஸ்வரி அன்ரி. வெள்ளவத்தையில் கடல் தெரியும் ஃபிளட் விற்பனைக்கு என்று விளம்பரம். வீட்டைச் சுற்றிக் காட்டும் படங்களை எடுத்தது வேறு ஆள். அவற்றை இணையத்தில் ஏற்றிப் போனில் ஓட வைப்பது என் தலையெழுத்து. இதுவரை விடாமல் விசாரித்தவர் இவர் ஒருவர்தான்.

படக் கோப்புகளின் பாரத்தைக் குறைத்தேன்.

"திறக்குது தம்பி. ஆனா மங்கலாக் கிடக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன்.

"பெருசாக்கினா படம் உடையுது. முன்னுக்கு இருக்கிறது எனக்கு வடிவாத் தெரியோணும்."

கடலைப் பார்க்காமல் காசு தரமாட்டார்போல. பல்கனிக்கு மட்டும் முதலிலிருந்து வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமையும் நாசமாய்ப் போனது.

"இப்ப எப்பிடி அன்ரி?"

"ஓம், இப்ப நல்ல வடிவாத் தெரியுது."

"அப்ப வீட்டை வாங்கிறியளோ?"

"எனக்கேன் வீடு? நான் முன் ஃபிளட்டிலதான் இருக்கிறன். கனடாவில இருந்து தங்கச்சி சொல்லேக்க நான் நம்பேல்லை. உங்கட பல்கனிப் படத்தில, நைட்டியோட உடுப்புக் காயப்போடுறது நானேதான்."

நானும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"தம்பி, இது எல்லாற்ற போன்லயும் இவ்வளவு வடிவாத் தெரியுமோ?"