யார் யார் போகிறீர்கள்?

சற்குணம் எந்தப் பழைய மின்சாதனத்தையும் தூக்கிப் போட மாட்டார். பின்னறை கூரைவரை நிரம்பியதும் மனைவி பரிமளம், "அதுங்களே இருக்கட்டும், நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். வேறு வழியில்லாமல் பழைய சாமான் வண்டியை வரவழைத்தார். பேசும் சாதனங்களை அவற்றின் சம்மதமில்லாமல் ஏற்றக் கூடாது என்பது சட்டம். தன்னை விட்டு எதுவும் போகச் சம்மதிக்காது என்ற தைரியத்தில் சிரித்தபடியே பின்னறைக் கதவைத் திறந்தார்.

"என்னை விட்டுட்டு யாராச்சும் போறீங்களா?"

"நான்! நான்!" என்று மிக்சி கத்தியது. "எனக்கு முன் சீட்டு!" என்றது டிவி. தரை துடைக்கும் ரோபோ எல்லோரையும் இடித்துக்கொண்டு வாசலுக்கு உருண்டது.

சற்குணத்தின் முகம் தொங்கிப்போனது. பரிமளம் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு காலி அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடியே பரிமளம், ஓடி வா! இங்க ஒரு ஜன்னல் இருக்குடி!"