எல்லாப் பந்தும் கலைமதிக்கே

கலைமதி கை தட்டினாள். ரம்யா யோசிக்கவே இல்லை, பந்தை அவளிடம் வீசினாள். கலைமதி எம்பினாள், பந்து கூடைக்குள் விழுந்தது.

புதுக்கோட்டையில் மாவட்டக் கூடைப்பந்து இறுதிப் போட்டி. கலைமதி மேல் பளபளவென்று புது நீலப் பனியன். ரம்யாவும் மற்றவர்களும் போட்டிருந்தது துவைத்துத் துவைத்துச் சாயம் போன மஞ்சள். நட்சத்திரம் என்றால் சும்மாவா?

கறம்பக்குடிப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் ஆத்மநாதன் அணியை அப்படித்தான் வளர்த்திருந்தார். ஐந்து பேர் ஆடும் அணியில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஆறடி உயரக் கலைமதி ஒருத்திதான். அவளுக்கு அவித்த முட்டை, மற்றவர்களுக்கு அறிவுரை.

கூடையில் போட்டுப் பழகியதும் அவள் மட்டுமே. மற்றவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிடுவார். கலைமதி எந்தப் பக்கம் கை தட்டுகிறாளோ, அந்தப் பக்கம் பந்து பறக்க வேண்டும்.

ஒருநாள் செல்வராணி ஆர்வக்கோளாறில் தானே கூடையில் போட்டுவிட்டாள். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்.

"பந்து உள்ளதானே சார் விழுந்துச்சு?"

"விழுந்தா? ஒன்ன யாரு போடச் சொன்னது?"

இன்று கோப்பை வந்தால் பள்ளி மைதானத்துக்குச் சிமெண்ட் தளம். வராவிட்டால் அங்கே பஸ் நிறுத்த ஷெட் என்று தாளாளர் அடைக்கலம் சொல்லிவிட்டார். ஷெட்டுக்குள் பி.டி. மாஸ்டருக்கு என்ன வேலை? ஆத்மநாதன் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுபடியும் கலைமதி கை தட்டினாள். இந்த முறை செல்வராணி அவளுக்குப் போட்டாள். பந்து கூடைக்குள்.

"நல்லாப் பழக்கியிருக்கீங்க சார்" என்றார் பக்கத்தில் இருந்த தாளாளர். "கண்ண மூடிக்கிட்டுப் போடுதுங்க."

ஆத்மநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

கடைசி விசில் ஊதியது. கலைமதியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஆத்மநாதன் கண்கலங்க ரம்யாவிடம் ஓடினார்.

"ஏம்மா, ஆட்டம் முழுக்க அவளுக்கே போட்டீங்க?"

"கை தட்டுனா சார். நீங்க பழக்குனதுதானே?"

"அதுக்காக?"

ரம்யா பாவமாகப் பார்த்தாள்.

"அவ அந்த நீலப் பனியன் டீமுக்கு மாறிப் போனப்பறம் யாருக்குப் போடணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்!"