காட்டுப்பன்றிக்கு ஒரு ஸ்கோப்

தன் முதல் துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்க வந்த மாதப்பன், தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை என்றான். லைசென்ஸ் சரியாகத்தான் இருந்தது. கடைக்காரர் எபனேசருக்கு ஆள்தான் சரியாகப் படவில்லை. ஸ்கோப்பைக் கண்ணில் வைத்து, எதிர்வீட்டு பால்கனியில் நின்றவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ராத்திரிக்கு டார்ச் ஒண்ணு மாட்டித் தரட்டுமா?”

“வேண்டாங்க. அங்க லைட்டு எரியும்.”

பன்றிக்கு யார் விளக்குப் போட்டு வைக்கிறார்கள்? எபனேசர் ஸ்கோப்பை வாங்கித் துணியால் துடைத்தபடி, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“பன்னி எப்ப வரும்?”

“இருட்டினதும் வந்துருவாரு.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மாதப்பன் சிரித்தான். “வந்துரும்” என்று திருத்திக்கொண்டான்.

எபனேசர் ஸ்கோப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“பன்னிக்குப் பேரு என்ன?” என்று கேட்டார், பெட்டியின் மேலிருந்து கையை எடுக்காமல்.