கெண்டைத் தொட்டி

“மீன் பூராவும் செத்துப் போச்சுங்களே, மகுடேஸ்வரன்?” என்றார் ஜெயசுதா.

பெருமாநல்லூர் ரோட்டில் மகுடேஸ்வரனுடைய பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. சாயக் கழிவைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டின் வாசலில் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் கெண்டை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

அது அழகுக்கு வைத்த தொட்டி இல்லை. சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்து, அந்தத் தண்ணீரில்தான் மீன் வளர்த்தார்கள். எதிரே ஒரு கேமரா. இங்கே தைத்துக் கப்பலேறும் குழந்தைச் சட்டையின் கழுத்துப் பட்டியில் சின்னதாக ஒரு க்யூஆர் கட்டம் அச்சடித்திருக்கும். வெளிநாட்டுக் கடையில் நின்று அதன்மேல் செல்போனைக் காட்டினால், மீன் நீந்துவது தெரியும். ஆற்றைக் கெடுத்துத் தயாரித்த சட்டை எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று அந்த ஊர்த் தாய்மார்கள் பிடிவாதம் பிடித்த பிறகு வந்த ஏற்பாடு. அவர்கள் சட்டையை அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் மீன்.

ஜெயசுதா, அந்தச் சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காகப் பட்டறையைச் சோதிக்க வரும் ஆடிட்டர். மகுடேஸ்வரனும் அவரும் ராயபுரத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதற்காக அவர் ஒரு மார்க் கூட்டிப் போடுகிற ஆள் இல்லை.

“நேத்து சாயங்காலத்துல இருந்து கேமராவும் ஓடலீங்க. அங்கிருந்து ஆளாளுக்குக் கேக்கறாங்க. ஒரு பாப்பா அந்த வாலு செவந்த மீனுக்குப் பேரே வச்சிருக்குதாமா.”

“கரெண்ட் இல்லீங்க, அம்மிணி.”

பக்கத்துக் கட்டடத்தில் தையல் மிஷின்கள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில், அந்தப் பொய் அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

ஜெயசுதா குனிந்து, சோதனைக் காகிதம் ஒன்றைத் தொட்டியில் நனைத்து எடுத்தார். காகிதம் நிறம் மாறியது.

“குளோரின். ப்ளீச்சிங் பவுடர்ல இருக்கறதுங்க. இதுதான் மீனக் கொன்னுருக்குது. துணி வெளுக்கற தண்ணிய அப்பிடியே உட்டுட்டீங்களா?”

“இல்லீங்க. சுத்தம் பண்ணாம ஒரு சொட்டு வெளிய போகாதுங்க.”

“அப்பறம் இது எங்கிருந்து வந்துச்சு?”

மகுடேஸ்வரனுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஜெயசுதா கையெழுத்துப் போடாவிட்டால் வெளிநாட்டு ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் பாதித் தையல் மிஷின்கள் நின்றுவிடும்.

ஜெயசுதா உடனே எதையும் எழுதவில்லை. மிதந்த மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நொய்யல் ஆத்துல துண்டு போட்டுக் கெண்டை புடிச்சது ஞாபகம் இருக்குதுங்களா?”

“இல்லாம என்னங்க? நீங்க ஹார்லிக்ஸ் பாட்டிலோட கரையில நிப்பீங்க. எம்பட துண்டுல உழுகற மீனு பூராம் உங்க பாட்டிலுக்குத்தான் போகும்.”

“நீங்களாத்தான் குடுத்தீங்க. நான் எங்க கேட்டேன்?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். கணுக்கால் அளவுத் தண்ணீர், காலைக் கடித்த சின்ன மீன்கள், நனைந்த பாவாடைக்காக வீட்டில் விழுந்த அடி. நினைக்க நினைக்க இருவருக்கும் மனசு இளகியது. அந்த ஆறும் அந்த வயதும் இனி எந்த விலைக்கும் கிடைக்காது. அப்புறம் ஒரு வருஷம் ஆறு சிவப்பாக வந்தது. அடுத்த வாரம் நீலமாக வந்தது. எந்தப் பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

“எங்கப்பன் பட்டறை ஓட ஆரம்பிச்சப்பத்தானுங்க ஆத்துல மீனு மெதந்துச்சு,” என்றார் மகுடேஸ்வரன். “வெறும் பாட்டிலக் கையில வச்சுக்கிட்டு நீங்க அழுதீங்க. இன்னைக்கும் சாயத்தண்ணியக் கண்டா அதுதான் எனக்கு முன்னால வந்து நிக்குது. அதுக்காவத்தான் காடு தோட்டத்த வித்து இந்த பிளான்ட்டப் போட்டேன்.”

“அது தெரிஞ்சுதானுங்க உங்கள நம்பி இந்தக் கம்பெனிக்காரங்களுக்குக் கை காட்டுனேன். இப்ப நான் என்னன்னு எழுதறது?”

ஆனாலும் ஜெயசுதா வேலையை விடவில்லை. பிளான்ட்டிலிருந்து சுத்தமான தண்ணீர் வெளிவரும் குழாய்க்குப் போய், புதிய காகிதம் ஒன்றை நனைத்தார். நிறம் மாறவில்லை. இன்னொன்றை நனைத்தார். அதுவும் மாறவில்லை. மற்றச் சோதனைகளையும் ஒவ்வொன்றாகச் செய்து முடித்துவிட்டு, குழப்பத்தோடு திரும்பி வந்தார்.

“பிளான்ட்டுல ஒரு குறையும் சொல்ல முடியாதுங்க. இத்தன சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல. இந்தத் தண்ணிதான தொட்டியில இருக்குது?”

மகுடேஸ்வரன் காலி டிரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

“தைப்பூசத்துல இருந்து அந்தத் தண்ணியிலதானுங்க மீனு நல்லா நீந்திட்டு இருந்துச்சு. முகம் தெரியாத சனமெல்லாம் அத நம்புச்சு, எனக்குத்தான் நம்பிக்கை வரல. நீங்க வர்ற நேரத்துல ஒரு மீனு செத்துக் கெடந்தாக்கூட என்னாகறதுன்னு பயந்துட்டனுங்க. நேத்து கேமராவ நிறுத்திப்போட்டு, தொட்டியக் காலி பண்ணி, வேற தண்ணி உட்டுட்டேன்.”

“வேற தண்ணின்னா?”

“ஊட்டுக் குழாயில வர்ற கார்ப்பரேஷன் குடிதண்ணிங்க.”