தாராபுரத்துச் சம்பந்தம்

“ஏழு மாசத்துல பொறந்தவன்னு நாமளே எதுக்குங்க வாயைத் தொறந்து சொல்லோணும்? அவங்களாக் கேட்டாப் பார்த்துக்கலாம்.”

சர்பத்தைக் கலக்கியபடியே சஃபியா கெஞ்சினாள். கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் அவள் கணவர் நசுருதீன், தொப்பியைச் சரிசெய்துகொண்டே மறுத்தார்.

“மறைச்சு முடிக்கிற நிக்காஹ் நமக்கு வேண்டாம் சஃபியா. போயிருவான்னு சொன்ன புள்ளைய அல்லா நமக்கே திருப்பிக் கொடுத்திருக்கான். அதைச் சொல்றதுக்கு என்ன வெக்கம்?”

“நீங்க இப்படிச் சொல்லிச் சொல்லியே ரெண்டு சம்பந்தம் தட்டிப்போச்சு. இதையும் தொரத்தி உட்டுருங்க. இருபத்தாறு வயசாச்சு, கடைசி வரைக்கும் அத்தர் பாட்டிலுக்கு மூடி போட்டுட்டே இருக்கட்டும்!”

வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையைப் பார்க்கத் தாராபுரத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருவர் மணப்பெண் இஃப்ராவின் தாயார் உம்மல் குல்சும்; மற்றவள் அவருடைய தங்கை ஜன்னத். குல்சும் வாய் திறந்து அதிகம் பேசவில்லை. அந்தக் குறை தெரியாமல் ஜன்னத் பார்த்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை ரைஹான் சர்பத் தட்டோடு வந்ததும் அவள் தொடங்கிவிட்டாள்.

“என்னங்க மாப்ளே, கடையில ஏவாரம் எப்படி? கார் ஓட்டுவீங்களா? எங்க ஊருப் பக்கம் வந்திருக்கீங்களா?”

ரைஹான் நடுக்கூடத்தில் அப்படியே நின்றான். தட்டில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன.

“ஒண்ணொண்ணாக் கேளுங்க, சொல்றேனுங்க. மூணும் சேர்ந்து வந்தா உள்ளே முட்டிக்குது” என்றான் அவன், பணிவாக.

ஜன்னத் சிரித்துவிட்டாள். “மூணு கேள்விக்கே இப்படின்னா, எங்க இஃப்ரா வாயைத் தொறந்தா என்ன பண்ணுவீங்க?”

நசுருதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். சஃபியா கண்ணாலேயே கெஞ்சியதை அவர் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

“ஏனுங்க, ஒளிக்காமச் சொல்லிப்போடறேன். இவன் ஏழு மாசத்துல பொறந்தவனுங்க. போன மாசம் பெரிய டாக்டர்கிட்டத் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். கொறமாசத்துல வந்ததால மூளைக்குள்ள சில பாதை மெலிசா இருக்குதாமுங்க. இது நோவு இல்லீங்க. நாலு பேர் ஒண்ணாப் பேசினாத் தடுமாறுவான். கணக்கு மெதுவாத்தான் வரும். புதுத் தெருவுல வழி தப்பும். ஆனா இத்தனை சின்னதாப் பொறந்து இந்தளவுக்குத் தேறி வந்ததே பெரிசுன்னு அந்த டாக்டரே சொன்னாருங்க.”

குல்சும் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். அதுவரை தரையைப் பார்த்திருந்தவர், இப்போது ரைஹானையே பார்த்தார்.

“எந்த ஆஸ்பத்திரியிலங்க பொறந்தாரு?”

“இங்கே பெரியாஸ்பத்திரியிலதானுங்க.”

“மழைக்காலமுங்களா?”

“ஆமாங்க, நல்ல அடைமழை” என்றாள் சஃபியா, குரல் இறங்கிப்போய்.

“புள்ளை பொறந்ததும் உங்களுக்கு வலிப்பு வந்து, வேற வார்டுக்குக் கொண்டுபோயிட்டாங்களா?”

சஃபியா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அந்த வலிப்பைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வெளியே சொன்னதில்லை. யாரோ தாராபுரம் வரை போய்ப் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்! இனி மகனுக்கு மூளைக்குறை, தாய்க்கு வலிப்பு என்று ஊரெல்லாம் பேசும்.

குல்சும் எழுந்தார். சஃபியா பதறிப்போய் அவர் முன்னால் சென்று நின்றாள்.

“அக்கா, எந்திரிச்சுப் போயிராதீங்க. எனக்கு அப்ப வந்ததுதானுங்க, அப்புறம் வந்ததே இல்லை. எம் புள்ளை தங்கமுங்க. பொறுமையாச் சொன்னா எதையும் தப்பாமச் செய்வான். ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.”

“இந்த நிக்காஹ் நடக்காதுங்க, அம்மணி.”

சஃபியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். குல்சும் அவளைக் கடந்து ரைஹானிடம் போனார். கையை அவன் தலைமேல் வைத்தார்.

“என் தலைச்சன் புள்ளையும் கொறமாசந்தானுங்க. அதே மழையில, அதே ஆஸ்பத்திரியில மௌத்தாப் போயிட்டான். பால் கட்டிக்கிட்டுத் துடிச்சிட்டிருந்தேன். அம்மாக்காரி நெனவில்லாமக் கெடக்கறா, பக்கத்துத் தொட்டில் புள்ளைக்குத் தாங்கன்னு நர்ஸம்மா கேட்டாங்க. என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போற வரைக்கும் இவனுக்குத்தானுங்க பாலாடையில ஊட்டினேன். பொழைச்சானா இல்லையான்னே தெரியாம இத்தனை வருசம் துவா செஞ்சுட்டிருந்தேன். நம்ம மார்க்கப்படி என் பால் குடிச்ச புள்ளை இஃப்ராவுக்கு அண்ணனுங்க. அண்ணனுக்கே எப்படிங்க கட்டிக் கொடுக்கறது?”

சஃபியா சுவரை விட்டுவிட்டு வந்து, அந்தக் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“ரைஹான், உங்கம்மாவுக்குச் சலாம் சொல்லு, கண்ணு” என்றாள்.