முத்தலிபுக்கு வந்த நெஞ்சுநோவு

"இன்னொருக்காச் சொல்லுங்க மகன். ஊத்த ரெத்தம் எந்த அறைக்குள்ள வருது?"

முத்தலிப் இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். டொக்டர் ஜெஸீம் முகம் சுளிக்காமல் மேசையிலிருந்த பிளாஸ்டிக் இதயத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.

முத்தலிபின் நெஞ்சில் ஒரு நோவும் இல்லை. நோவெல்லாம் மகள் பஸ்னாவின் கல்யாணத்தில்தான். இந்த டொக்டரைத்தான் அவளுக்குப் பேசியிருந்தார்கள். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான் வந்து இருப்பார். பிறகு காலமெல்லாம் அந்த முகத்தில்தானே விழிக்க வேண்டும்? ஆழம் பார்க்காமல் எப்படிச் சம்மதிப்பது?

முன்பு பேசிய வங்கி மாப்பிள்ளை, முத்தலிப் படிவத்தைப் பிழை பிழையாக நிரப்பிக் கொடுத்ததும் சீறி விழுந்தார். ஹாட்வெயார் கடைக்காரர், ஒற்றை ஆணிக்குப் பேரம் பேசிய குற்றத்துக்காகக் கடையை விட்டே துரத்தினார். இரண்டு சம்பந்தமும் அதோடு சரி.

"இதையும் குழப்பினா நான் கல்யாணமே முடிக்க மாட்டன் வாப்பா" என்று பஸ்னா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனாலும் மனம் கேட்கவில்லை. வழக்கம்போல மச்சான் காலிதீனின் பெயரைக் கொடுத்து, வீட்டுக்குத் தெரியாமல் கல்முனைக்கு வந்துவிட்டார்.

"வாப்பா வயல் செய்றீங்களா?" என்று கேட்டார் டொக்டர்.

"ஓம்."

"அப்ப லேசு. ரெத்தத்த வாய்க்கால் தண்ணியா நினைங்க. உடம்பெல்லாம் பாஞ்சு வடிஞ்ச தண்ணி வலப்பக்கத்து மேலறைக்கு வரும். அங்கிருந்து கீழறை. கீழறை அதச் சுவாசப்பைக்குத் தள்ளும். சுத்தமாகி இடப்பக்கத்து மேலறைக்கு வரும். மறுகா இடப்பக்கத்துக் கீழறைதான் உடம்பெல்லாம் பாய்ச்சுறது."

முத்தலிப் நடிப்பை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கீழறையில இருந்து தண்ணி திரும்பி மேல ஏறினா?"

"ஏறாது. நடுவுல ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு இரிக்கி, குளத்து வான்கதவு மாதிரி."

"இடப்பக்கத்துச் செவர் மட்டும் ஏன் இவ்வளவு தடிப்பு?"

"வலது, பக்கத்துல இரிக்கிற சுவாசப்பை வளவுக்குத் தண்ணி விட்டாப் போதும். இடது கடைசி வயலுக்கும், கால் பெருவிரலுக்கும் விடணுமே!"

"மாஷா அல்லாஹ்! வயலுக்குத் தண்ணி பங்கிடுற எங்கட வட்டவிதானைக்கும் இப்பிடி விளங்கப்படுத்தத் தெரியாது."

முத்தலிபுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. என்ன பொறுமை! வயற்காரனின் மனமறிந்து பேசும் இந்தப் பிள்ளைதான் தன் மருமகன். நாளைக்கே நாள் குறித்துவிட வேண்டும்.

"நோவு போயிட்டு மகன். மருந்தும் வேணாம்" என்று எழும்பினார்.

"நானும் மருந்து எழுதல்ல மாமா."

வாசல்வரை போன முத்தலிப் சட்டென்று திரும்பினார். "மாமாவா?"

டொக்டர் சிரித்தார். "எனக்கு வயலும் தெரியா, வாய்க்காலும் தெரியா. முந்தாநாள் உங்கட மகள் இதே நெஞ்சுநோவச் சொல்லிக்கிட்டு வந்து, 'வாப்பா காலிதீன் மாமாட பேருல வருவாரு, இப்பிடிச் சொன்னாத்தான் மடங்குவாரு' எண்டு அவ்வளவையும் எனக்குப் பாடமாக்கித் தந்துட்டுப் போனா!"